இரவு வானில் இனந்தெரியாத ஒளிகள்

வானத்தில் ஓர் ஒளி தோன்றியது என்ற செய்தி ஓரூரிற் பரவுமாயின், அவ்வூரார் இரு கட்சியாகப் பிரிந்துவிடுவது வழக்கம். ஒரு கட்சியார், கண்ணாற் கண்டது பொய்யாகுமா என்று கேட்பர். அவ்வொளி முனியின் உலா என்றோ, பகைவரின் உளவுக் கருவி என்றோ, வேற்றுலகத்தாரின் ஊர்தி என்றோ, அவரவர் வயதுக்கும் வாசிப்புக்கும் ஏற்ப முடிவு சொல்வர். மற்றக் கட்சியார், கண்டவர் கனவு கண்டிருப்பார் என்று நகைத்து ஒதுக்குவர். இரு கட்சியாரும் செய்யாத காரியம் ஒன்றுண்டு. ஒளி எத்திசையில் தோன்றியது, எத்தனை மணிக்குத் தோன்றியது, எவ்வளவு உயரத்தில் நின்றது, எவ்வளவு நேரம் இருந்தது, எவ்வழியே மறைந்தது என்று, கண்டவரை அமைதியாக இருத்தி எவரும் கேட்பதில்லை.

இவ்வைந்து கேள்விகளே வானொளி ஆராய்ச்சியின் அடிப்படை. அதற்குப் பெரிய தொலைகாட்டி வேண்டியதில்லை, பட்டமும் வேண்டியதில்லை. ஒரு கொப்பியும் பென்சிலும் கடிகாரமும் பொறுமையும் போதும். இவை நான்கும் கூடியபோது, இரு பெரு நாடுகளின் எல்லையில் எழுந்த பெருங்கலக்கமொன்று தீர்ந்த வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறியுமுன், நமது மலைநாட்டு இரவுகளை ஒருமுறை நோக்குதல் தகும்.

கொட்டகலையை எடுத்துக்கொள்ளலாம். கடல் மட்டத்திலிருந்து 4,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், நாற்புறமும் தேயிலை மலைகள் சூழ அமைந்த ஊர் அது. பகலில் மலை எது, வானம் எது என்பதில் ஐயமில்லை. அமாவாசை இரவிலோ, மலையின் கருமையும் வானின் கருமையும் ஒன்றாகிவிடும். எதிர்மலையில் மேற்கணக்கு லயத்து வாசலில் எரியும் ஒற்றை மின்விளக்கு, அப்போது அந்தரத்தில் தொங்குவதுபோலத் தோன்றும். இடையே மூடுபனி புகுந்தால் அவ்விளக்கு மங்கிப் பருத்துக் காட்டும். பனி விலகினால் திடீரெனச் சுடர்விடும். விளக்கு அசையவில்லை, அசைந்தது பனியே. ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் வீதியின் வளைவுகளில் ஏறிவரும் லொறியின் விளக்குகளும் இவ்வாறே ஒரு கணம் விண்ணை நோக்கி வீசி மறையும். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே 562 மீற்றர் நீளமான சிங்கமலைச் சுரங்கம் உள்ளது. இலங்கைப் புகையிரதப் பாதையிலுள்ள சுரங்கங்களுள் நெடுங்காலம் மிக நீண்டதாய் இருந்தது அதுவே. இரவு வண்டியின் முகப்பு விளக்கு அச்சுரங்கத்தைவிட்டு வெளிப்பட்டுப் பனிமேற் படும்போது, மலைச்சரிவிலே பெரியதோர் ஒளித்திட்டுத் தோன்றி நகர்வதைக் காணலாம்.

இன்னொரு காட்சியும் இப்பகுதி மக்களுக்குப் பழக்கமானது. டிசெம்பர் மாதப் பூரணை முதல் மே மாத வெசாக் பூரணை வரை நடைபெறும் சிவனொளிபாத மலைப் பருவத்தில், யாத்திரிகர் ஏறும் படிவழி நெடுக மின்விளக்குகள் எரியும். தென்மேற்குத் திசை திறந்த மேடொன்றில் நிற்பவருக்கு, மலை புலப்படாத இரவிலே அவ்விளக்கு வரிசை வானத்தில் ஏணி சாய்த்ததுபோலத் தோன்றும். ஆண்டுதோறும் அதனைக் காண்பவர் கைகூப்பி வணங்குவர். புதிதாக வந்தவர் திகைத்து நிற்பர். ஒளி ஒன்றே. அது ஒருவருக்கு இனந்தெரிந்தது, மற்றவருக்கு இனந்தெரியாதது. ஆகவே ‘இனந்தெரியாத ஒளி’ என்னும் பெயர் ஒளியின் தன்மையைக் குறிப்பதன்று. காண்பவர் அதுகாறும் அறிந்தவற்றின் எல்லையைக் குறிப்பதாகும்.

இவை மண்ணிலிருந்து எழும் ஒளிகள். விண்ணிலே உள்ள ஒளிகளுள் மக்களை மிகுதியாக மயக்குவது எது என்று கேட்டால், உலகெங்கும் உள்ள வானாராய்ச்சியாளர் ஒரே விடையைக் கூறுவர்: வெள்ளி. சூரியனையும் சந்திரனையும் அடுத்து, வானில் நிலையாக மிகுந்த ஒளியுடன் விளங்குவது வெள்ளிக்கோளே. சந்திரனில்லாத இருண்ட இரவில் வெள்ளியின் ஒளியால் நிழல் விழுவதும் உண்டு. அது சூரியனைவிட்டு ஏறக்குறைய 47 பாகைக்கு மேல் விலகுவதில்லை. ஆதலால் மாலையில் மேற்கிலோ, விடியுமுன் கிழக்கிலோ மட்டும் தோன்றும். நள்ளிரவில் நம் நாட்டு வானில் அதனைக் காண முடியாது. சில மாதம் மாலை வெள்ளியாய் இருந்து, பின்னர் மறைந்து, விடிவெள்ளியாய் மீள்வது அதன் இயல்பு. அதனால், பெரட்டுக்குச் செல்ல விடியுமுன் எழுவோர், நேற்றுவரை இல்லாத ஒளி இன்று மலைமுகட்டில் வந்து நிற்கிறதே என்று வியத்தல் இயல்பானதே.

இலங்கை பூமியின் நடுக்கோட்டுக்கு அருகே இருப்பதும் இம்மயக்கத்துக்கு ஒரு காரணம். கொட்டகலை ஏறத்தாழ 7 பாகை வட அகலக்கோட்டில் உள்ளது. குளிர்நாடுகளில் உடுக்களும் கோள்களும் சரிந்து சென்று மறைவன; இங்கோ அவை ஏறக்குறைய நேர்க்குத்தாகக் கீழே இறங்குகின்றன. மாலை வெள்ளி மேற்கு மலைக்குமேலே தயங்கி நின்று, நேராக இறங்கி, மரங்களுக்கிடையே மறையும்போது, விளக்கேந்திய ஊர்தியொன்று காட்டுக்குள் இறங்கியது என்று ஒருவர் சொன்னால், அவர் கண்டதைத்தான் சொல்கிறார். கண்டது மெய், கண்டதற்குக் கொடுத்த பொருளே பிழை. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவதே ஆராய்ச்சியின் முதற்படி.

இனி, முன்பு குறிப்பிட்ட வரலாற்றுக்கு வருவோம். இமயத்தின் வடமேற்கே லடாக் என்னும் உயர்நிலம் உள்ளது. அங்கே இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடைப்பட்ட கட்டுப்பாட்டுக் கோட்டில், ஏறக்குறைய 4,250 மீற்றர் உயரத்தில் பாங்கொங் என்னும் நீண்ட ஏரி கிடக்கிறது. 2012ஆம் ஆண்டில் அப்பகுதியிற் காவல் புரிந்த இந்தியப் படைவீரர், சீனத் திசையிலே அடிவானத்திலிருந்து மஞ்சள் நிற ஒளியுருண்டைகள் எழுந்து, மூன்று முதல் ஐந்து மணி நேரம் மெல்ல நகர்ந்து மறைவதாக அறிவித்தனர். ஒருவர் இருவரல்லர், பலரும் பல இரவுகள் கண்டனர். எல்லைக் காவலிற் பழகிய வீரர் அவர்கள். அவர்களது கண்ணையோ மனத்தையோ குறைகூற இடமில்லை. ஆளில்லாச் சீன உளவு விமானங்களாக இவை இருக்கலாமென்ற ஐயம் எழுந்தது. ராடர் கருவி கொண்டுவரப்பட்டது. கண்ணுக்குத் தெரிந்த பொருள் ராடருக்குத் தெரியவில்லை. அதனால் ஐயம் குறையவில்லை, மிகுந்தது.

2012 ஆகஸ்ட் முதல் 2013 பெப்ரவரி வரை அவ்வாறு பதிவான காட்சிகள் 329. அவற்றுள் 155 தடவை அப்பொருள்கள் கட்டுப்பாட்டுக் கோட்டைக் கடந்து வந்தன என்று கணக்கிடப்பட்டது. அணுவாயுதம் படைத்த இரு நாடுகளின் எல்லையிலே 155 அத்துமீறல்கள் என்பது சிறு செய்தியன்று. 2013 ஏப்பிரல் நடுப்பகுதியில், அதே லடாக்கின் வடபால் இரு நாட்டுப் படைகளும் எதிரெதிரே கூடாரமிட்டு மூன்று வாரம் நின்றன என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். அச்சூழ்நிலையில் ஒரு தவறான விளக்கம் எங்கே கொண்டுபோய் விட்டிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆய்வுப்பணி பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 1792இற் சென்னையில் அமைக்கப்பட்ட வானாய்வுநிலையத்தின் மரபில், கோடைக்கானல் மலையிலுள்ள சூரிய ஆய்வுநிலையத்தின் வழிவந்தது அந்நிறுவனம். லடாக்கிலே ஹான்லே என்னுமிடத்தில், 4,500 மீற்றர் உயரத்தில், இரண்டு மீற்றர் விட்டமுள்ள தொலைகாட்டியொன்றையும் அது நடத்திவருகிறது. 2012 செப்டெம்பரில் மூன்று நாள் நடந்த நோக்கீட்டால் உறுதியான முடிவு கிடைக்கவில்லை என்று இராணுவத் தரப்பிற் கூறப்பட்டது. புதிரைத் தீர்த்தது பெரிய தொலைகாட்டியன்று. ஒளிகள் தோன்றும் நேரத்தையும் மறையும் நேரத்தையும், அடிவானத்தோடு ஒப்பிட்டு அவை இருந்த நிலையையும் வீரர் ஒழுங்காகக் குறித்துவைத்தனர். அக்குறிப்புகளே புதிரைத் தீர்த்தன.

குறிப்புகள் கூறியது இது. ஒளிகள் இரண்டு. முதலாவது மாலை 6 மணியளவில் தோன்றி அதிகாலை 5 மணிவரை தெரிந்தது. இரண்டாவது அதிகாலை 4 மணியளவில் எழுந்து முற்பகல் 11 மணிவரை தெரிந்தது. வானியலார் தமது பஞ்சாங்கக் கணிப்போடு இவற்றை ஒப்பிட்டனர். 2012 டிசெம்பர் 3ஆந் திகதி வியாழக்கோள் சூரியனுக்கு நேரெதிரே நின்றது. அந்நாட்களில் அது மாலையில் உதித்து விடியும்வரை வானில் விளங்கும். அவ்வாண்டு ஆகஸ்ட் முதல் வெள்ளி விடிவெள்ளியாக இருந்தது. உயர்ந்த மலைவெளியின் மெல்லிய, தூய காற்றிலே பேரொளியுடைய வெள்ளியை, சூரியன் எழுந்த பின்னரும் தொடர்ந்து நோக்குபவர் காண முடியும். முதல் ஒளி வியாழன். இரண்டாவது ஒளி வெள்ளி. இம்முடிவு 2013 ஜூலையில் உலகப் பத்திரிகைகளில் வெளியாயிற்று.

எல்லையைக் கடந்தது எப்படி என்று கேட்கலாம். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால், வானிலுள்ள யாவும் மணிக்கு 15 பாகை வீதம் மேற்கு நோக்கி நகர்வதாகத் தோன்றும். கிழக்கே சீனத் திசையில் எழுந்த வியாழன், இரவு செல்லச் செல்ல ஏரிக்கு மேலாக இந்தியப் பக்கம் வந்தது. ஒவ்வோர் இரவும் வந்தது. ஒவ்வோர் இரவும் ஓர் அத்துமீறலாக எழுதப்பட்டது. ராடர் காணாததற்கும் காரணம் எளிது. ராடர் விடுக்கும் அலை சில நூறு கிலோமீற்றர் தூரத்துப் பொருளை உணரும். அறுபது கோடி கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கோளை அது எவ்வாறு உணரும்? இவ்வரலாற்றைக் கேட்டுச் சிரித்தவர் பலர். சிரிப்பதற்குரியது அன்று அது. ஐயப்பட்ட வீரர், ஐயத்தைத் துப்பாக்கியால் தீர்க்காமற் குறிப்பேட்டால் தீர்த்தார்கள். அதுவே பாராட்டத்தக்கது.

வானைப்பற்றி ஒன்றும் அறியாதவர்தாமே மயங்குவர் என்று எவரும் எண்ணவேண்டா. 1956 முதல் 2008இல் மறையும்வரை இலங்கையையே இல்லமாகக் கொண்டு வாழ்ந்த ஆதர் சி. கிளார்க், செய்மதிகள் வழியே உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945இலேயே எழுதியவர். 1964 மே 17ஆந் திகதி இரவு, திரைப்பட இயக்குநர் ஸ்ரான்லி குப்ரிக்கோடு நியூயோர்க் நகரிலே உரையாடிக்கொண்டிருந்தபோது, வானிற் பேரொளியொன்று நகர்வதை இருவரும் கண்டனர். பத்திரிகையில் அச்சிடப்பட்ட செய்மதி நேர அட்டவணையில் அந்நேரத்துக்கு ஒன்றும் குறிக்கப்பட்டிருக்கவில்லை. இருவரும் திகைத்தனர். ஆனால் திகைப்போடு நின்றுவிடவில்லை, அமெரிக்க விமானப்படையின் அறிவிப்புப் படிவத்தை நிரப்பினர், கோளரங்கத்தாரையும் விசாரித்தனர். அது 1960இல் ஏவப்பட்ட ‘எக்கோ’ என்னும் பெரிய பலூன் செய்மதி என்று தெரியவந்தது. பிழைபட்டது அட்டவணையே. செய்மதிக்கு முன்னோடியான அறிஞரே ஒரு செய்மதியை இனங்காணாமற் போகலாமாயின், கொழுந்து மலையில் உழைத்துக் களைத்துத் திரும்பும் ஒருவர் மயங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கண் மயங்குவதற்குரிய காரணங்களையும் அறிந்துகொள்ள வேண்டும். இருளில் தனித்து நிற்கும் ஒளியின் தூரத்தைக் கண் மட்டிட முடியாது. பக்கத்தில் ஒப்பிட மரமோ கூரையோ இல்லாதபோது, சிறிய ஒளி அருகே உள்ளதா, பெரிய ஒளி தொலைவில் உள்ளதா என்று மூளை தடுமாறும். ஆகையால் “கூப்பிடு தூரத்தில் நின்றது” என்ற கூற்றைச் சான்றாகக் கொள்ளலாகாது. இருளில் ஒரே புள்ளியை உற்றுநோக்கினால், நிலையாக உள்ள அப்புள்ளி மெல்ல அலைவதுபோலத் தோன்றுவதும் உண்டு. இது கண்ணின் இயல்பேயன்றி நோயன்று. மேகம் விரைந்தோடும்போது சந்திரன் ஓடுவதாகக் குழந்தைகள் சொல்வர். உடு ஓடுவதாகப் பெரியோர் சொல்வர். மலைவிளிம்பை ஒட்டியுள்ள உடுவின் ஒளி, தடித்த காற்றுப் படலத்தை ஊடுருவி வருதலால், முறிவடைந்து சிவப்பும் பச்சையும் நீலமுமாக மாறிமாறி மின்னும்.

சொல்லும் காட்சியை மாற்றிவிடும். 1947 ஜூன் 24ஆந் திகதி கெனத் ஆர்னல்ட் என்னும் அமெரிக்க விமானி, றெய்னியர் மலைக்கு அருகே ஒன்பது பொருள்கள் விரைந்து பறந்ததைக் கண்டதாக அறிவித்தார். நீரின்மேல் எறிந்த தட்டுத் துள்ளிச் செல்வதுபோல அவை சென்றன என்றார். அவர் சொன்னது செலவின் வகையை. பத்திரிகைகளோ அதனை உருவமாக்கிப் ‘பறக்கும் தட்டு’ என்று பெயரிட்டன. அதன்பின்னர் உலகெங்கும் மக்கள் தட்டு வடிவத்தையே காணத் தொடங்கினர். நமது ஊர்களிலும் முதலிற் கண்டவர் வாயில் வந்த சொல்லே பின்னர் வந்தோரின் கண்ணுக்கு வழிகாட்டுகிறது. ஆதலால் கண்டவர் பலராயின், அவர்கள் கூடிப் பேசுமுன் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்டெழுதுதல் வேண்டும். “என்ன கண்டீர்?” என்று கேட்கலாம்; “முனியா கண்டீர்?” என்று கேட்கலாகாது.

அளவு எடுப்பதற்குக் கருவி ஒவ்வொருவரிடமும் உண்டு; அது அவரவர் கையே. கையை முழுதும் நீட்டிப் பிடித்தால், சுண்டுவிரலின் அகலம் ஏறத்தாழ 1 பாகை. நடு மூன்று விரல்களின் அகலம் 5 பாகை. மூடிய முட்டியின் அகலம் 10 பாகை. அடிவானிலிருந்து உச்சிவரை 90 பாகை. மலைநாட்டில் அடிவானம் மலைகளால் மறைக்கப்படுவதால், கண்மட்டத்திலிருந்து எத்தனை முட்டி உயரம் என்று எண்ணுதல் நலம். அடுத்து, ஒளியை ஒரு தூணோடோ ஸ்டோர்க் கூரையின் முனையோடோ நேர்படுத்தி, நின்ற இடத்திற் கல்லொன்றை வைத்து, நேரத்தைக் குறிக்க வேண்டும். ஒரு மணி கழித்து அதே இடத்தில் நின்று நோக்கினால், ஒளி அங்கேயே நின்றால் அது மண்ணைச் சேர்ந்த விளக்கு. ஏறக்குறைய ஒன்றரை முட்டி மேற்கே நகர்ந்திருந்தால் உடு அல்லது கோள். மறுநாளும் பார்த்தால் ஐயம் முற்றும் நீங்கும். உடு ஒவ்வொரு நாளும் நான்கு நிமிடம் முந்தி அதே இடத்துக்கு வரும். இன்று 8 மணிக்குக் கூரை முனையைத் தொட்டது, பதினைந்து நாளில் 7 மணிக்கே தொடும். எந்த முனியும் எந்த விமானமும் இவ்வளவு நேரந் தவறாமை காட்டுவதில்லை.

இரண்டு ஊரார் சேர்ந்தால் ஆராய்ச்சி இன்னும் வலுப்பெறும். கொட்டகலையில் ஒருவரும் தலவாக்கலையில் ஒருவரும் ஒரே நிமிடத்தில் ஒரே ஒளியை நோக்கி, திசையையும் உயரத்தையும் குறிக்கட்டும். இருவர் குறிப்பும் ஒத்திருந்தால் ஒளி மிகமிகத் தொலைவிலுள்ளது. சந்திரன் இரு ஊராருக்கும் ஒரே திசையில் தெரிவது போல. ஒருவருக்கு உச்சியிலும் மற்றவருக்கு ஒருபுறமாகச் சாய்ந்தும் தெரிந்தால் அது அருகிலுள்ளது. அதன் உயரத்தைப் பள்ளிக்கூடத்து முக்கோணக் கணக்கினாலேயே கண்டுவிடலாம்.

ஒளி நின்ற கால அளவும் பெரிய தடயமாகும். இரண்டு மூன்று வினாடியிற் சீறி மறைவது பெரும்பாலும் எரிகல். டிசெம்பர் 14ஆந் திகதியை ஒட்டிய இரவுகளில் இவை மிகுதி. நான்கைந்து நிமிடத்தில் வானைக் கடந்து, கண்சிமிட்டாது செல்வது செய்மதி. சர்வதேச விண்வெளி நிலையம் இவ்வாறு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்திற் செல்வதை மாலையிலும் விடியுமுன்னும் காணலாம். நடுவானில் திடீரென அது மங்கி மறைவது பூமியின் நிழலுக்குட் புகுவதால். சிவப்பும் பச்சையும் சிமிட்டிச் செல்வது விமானம். ஆயின் காண்பவரை நோக்கி நேரே வரும் விமானத்தின் விளக்கு, பல நிமிடம் அசையாமல் நிற்பதாகத் தோன்றிப் பின்னரே திரும்பும். பண்டிகைக் காலத்தில் சூடான காற்றால் மேலெழும் கடதாசிக் கூடுகள் செம்மஞ்சளாய் எரிந்து காற்றோடு சென்று அணையும். பல மணி நேரம் நிற்பது, முன்பு கூறியவாறு, கோளோ உடுவோ ஆகும்.

புதிய காலம் புதிய ஒளிகளையும் கொண்டுவந்திருக்கிறது. 2019 மே 24ஆந் திகதி ‘ஸ்டார்லிங்க்’ என்னும் இணையச் சேவைச் செய்மதிகள் 60 ஒரே உந்துகணையில் ஏவப்பட்டன. அடுத்த இரவு அவை கோத்த முத்துக்கள்போல வரிசையாகச் சென்றதைக் கண்டு ஐரோப்பாவில் மக்கள் திகைத்தனர். அதன்பின் இவ்வாறு ஏவப்பட்டவை ஆயிரக்கணக்கானவை. ஏவிய சில நாட்கள் வரையே வரிசை தெரியும்; பின்னர் அவை விலகி உயரச் சென்றுவிடும். புகையிரதம் வானில் ஓடியது என்று யாரேனும் சொன்னால், அவர் இவ்வரிசையைக் கண்டிருத்தல் கூடும்.

விண்ணிலிருந்து வீழும் மனிதர் செய்த பொருளொன்றை நன்கு ஆராய்ந்த நிகழ்ச்சி நமது நாட்டின் தென்கடலிலேயே நடந்தது. 2015 ஒக்டோபர் 3ஆந் திகதி அமெரிக்காவிலுள்ள கற்றலினா வான்நோக்கு நிலையத்தார் சிறு பொருளொன்றைக் கண்டனர். ‘டபிள்யூ.ரீ. 1190 எவ்’ என்பது அதற்கு இடப்பட்ட பதிவுப் பெயர். அதன் பாதையைக் கணித்து, அது நவம்பர் 13ஆந் திகதி இலங்கைக்குத் தெற்கே கடலின்மேல் வீழும் என முன்னரே அறிவித்தனர். அன்று முற்பகல் 11.48 மணியளவில், கரையிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீற்றர் தூரத்தில், அது வளிமண்டலத்துட் புகுந்து எரிந்தது. மேகத்துக்கு மேலே விமானத்திற் பறந்த விஞ்ஞானிகள் அதனைப் படம்பிடித்தனர். 1998 ஜனவரியில் சந்திரனுக்கு அனுப்பப்பட்ட ‘லூனர் புரொஸ்பெக்டர்’ கலத்தை உந்திவிட்ட பகுதியே அது என்பது பெரும்பாலான ஆய்வாளரின் முடிவு. 40 நாட் குறிப்புகள் இருந்தமையால், பேரொளியுடன் வீழ்ந்த பொருளொன்று புரளியாக மாறாமல் அறிவாக மாறிற்று.

எல்லா ஒளிகளுக்கும் விடை கிடைத்துவிடுமா? கிடைப்பதில்லை. 1947 முதல் 1969 வரை அமெரிக்க விமானப்படை சேர்த்த அறிவிப்புகள் 12,618. அவற்றுள் 701 இனங்காணப்படாமலே எஞ்சின. இவ்வெண்ணைக் காட்டி, அவையெல்லாம் வேற்றுலக ஊர்திகளே என்று வாதிப்போர் உளர். திருட்டு வழக்கொன்றில் திருடன் பிடிபடவில்லை என்பதால், திருடியது பேய் என்று தீர்ப்புக் கூறுவார் உண்டா? 2023 செப்டெம்பர் 14ஆந் திகதி அமெரிக்காவின் நாசா நிறுவனம் அமைத்த பதினாறு பேர் கொண்ட குழுவும் இதனையே கூறிற்று. இக்காட்சிகள் வேற்றுலகைச் சேர்ந்தவை என்பதற்குச் சான்றில்லை; முதற் குறைபாடு நல்ல பதிவுகள் இல்லாமையே என்பது அதன் கருத்து. எனவே எஞ்சியவை முன்னே திறந்திருக்கும் கேள்விகள்; முடிந்த விடைகள் அல்ல.

அவ்வாறாயின், வானொளிச் செய்திகளை நகைத்துத் தள்ளிவிடலாமே என்று எண்ணலாகாது. 1974 டிசெம்பர் 4ஆந் திகதி இரவு 10 மணியளவில், இந்தோனேசியாவின் சுராபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகரை ஏற்றிக் கொழும்பை நோக்கி வந்த விமானமொன்று, கொட்டகலைக்கு மேற்கே, நோர்ட்டன் பிரிட்ஜை அடுத்த ஏழு கன்னியர் மலையில் மோதிச் சிதறியது. அதிலிருந்த 191 பேரும் மாண்டனர். மலைமேல் இரவிலே எழும் ஒளியொன்று, எங்கோ ஒரு விமானத்தின் ஆபத்தாகவும் இருக்கலாம், காட்டுத்தீயாகவும் இருக்கலாம், வழிதவறியவர் காட்டும் விளக்காகவும் இருக்கலாம். பேய்த் தீ என்று கதவடைத்துக் கொள்பவரும், வெறுங்கதை என்று நகைப்பவரும், உதவி வேண்டுவோரைக் கைவிடுபவராகலாம். ஒருமுறை ஏளனம் செய்யப்பட்டவர் மறுமுறை கண்டதைச் சொல்லமாட்டார். அவர் சொல்லவேண்டிய இரவு அதுவாகவே இருக்கவும் கூடும்.

ஆதலால் ஒவ்வொரு தோட்டப் பாடசாலையிலும், ஒவ்வொரு வாசிகசாலையிலும் வானொளிக் கொப்பியொன்று இருத்தல் நன்று. கண்ட திகதி, நேரம், நின்ற இடம், திசை, முட்டியளவில் உயரம், நிறம், நின்ற கால அளவு, மறைந்த வகை, அன்றைய பனியும் மேகமும் ஆகியவற்றை அதிற் பதியலாம். காண்பவரின் ஊகத்தையும் எழுதலாம். ஆனால் அதனை வேறொரு பத்தியில் எழுத வேண்டும். ஆபத்தின் அறிகுறி தோன்றினால் உடனே பொலீசாருக்கு அறிவித்துவிட்டு, எழுத்தைப் பின்னர் கவனிக்கலாம். எஞ்சிய ஐயங்களுக்கு, மொரட்டுவை கட்டுபெத்தையிலுள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவனத்தின் வானியலாரை நாடலாம்.

எழுத்தறியாத மூதாட்டியொருவர் கண்டதையும், அவர் சொன்னவாறே, மாற்றாமல் அக்கொப்பியில் எழுதிக்கொள்ள வேண்டும். லடாக்கிற் புதிரைத் தீர்த்த குறிப்புகள், குளிரில் விழித்திருந்த சாதாரண வீரர்களின் குறிப்புகளே. விடியுமுன் எழுந்து வானத்தைத் தினமும் காண்பவர் மலைநாட்டுத் தொழிலாளர். வானத்தின் காவலுக்கு அவர்களைவிடத் தகுந்த கண்கள் இல்லை. கேட்பாரும் எழுதுவாரும் இருந்தால், அக்கண்கள் கண்டவை நாட்டுக்குப் பயன்படும்.